காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்காருங்கள்

பாம்பனில் நான் வரைந்த முதல் படம் காற்றோடு போனது. ஓய்வு பெற்ற மறு ஆடி மாதம். பேருந்தை விட்டு இறங்கி நேராகத் தென்கடற்கரைக்கு நடந்தேன். மடக்கு நாற்காலியை விரித்தேன். பெரிய தாளை அட்டையில் வைத்து, மேலே மட்டும் ஒரு கிளிப் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் பேரேடு எழுதிய கை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் படம் போட்டதற்குப் பரிசு வாங்கிய கை. அந்தப் பரிசின் நினைவில்தான் அவ்வளவு பெரிய தாள். வானத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருக்கும்போதே காற்று தாளைக் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "கச்சான் அடிக்கையில தெக்க வந்து உக்காந்திருக்கீகளே சார். எங்களுக்கே இப்ப இந்தப் பக்கம் தொழில் கெடையாது. வடக்க போங்க" என்றார்.

ஓவியப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவர் சொன்ன அந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் எனக்கு உதவவில்லை. இந்த அத்தியாயமே அந்த வரியிலிருந்து வந்ததுதான்.

பாம்பனுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல் ஆழம் குறைந்தது, கலங்கல் பச்சை. தென்கடல் ஆழமானது, நீலம். தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஏறத்தாழக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றின் காலம். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்தால் கதை தலைகீழ். ஒரு கடல் முறைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கடல் படம் போட இடம் கொடுக்கும். இப்படி ஒரு வசதி வேறு எந்த ஊரில் இருக்கிறது? கச்சானில் வடகரை, வாடையில் தென்கரை. உட்காரும்போது காற்றுக்கு முதுகு. உங்கள் உடம்பே தாளுக்கு மறைப்பு.

விட்ட இடம் எங்கே?

ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ ஓவியத்துக்குத் திரும்ப வருபவர்கள் பெரும்பாலோர் செய்கிற தவறு, விட்ட இடத்தைத் தேடுவது. பரணிலிருந்து பழைய ஓவிய நோட்டை இறக்குவார்கள். இருபது வயதில் போட்ட தென்னைமரத்தையும் இன்றைக்குப் போட்ட தென்னைமரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அன்றோடு சரி, நோட்டு மறுபடி பரணுக்குப் போகும். அந்த நோட்டை இறக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம், ஒன்றும் ஓடிவிடாது.

"நாற்பது வருஷமா பென்சிலையே தொடலை" என்று சொல்லும் அக்காமார்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வாசலில் கோலம் போட்டீர்களா இல்லையா? இருபத்தொரு புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இழுப்பவருக்கு இடைவெளி தெரியும், சமச்சீர் தெரியும், கையை எடுக்காமல் வளைவைத் திருப்பத் தெரியும். முக்கியமாக, விரலை மட்டும் நம்பாமல் தோளிலிருந்து கோடு இழுக்கத் தெரியும். ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் கற்றுக்கொடுக்கப் படாதபாடு படும் விஷயம் அது. குனிய முடியாமல் கோலத்தை நிறுத்தியவர்கள்கூட மேசையில் பெரிய தாளைப் போட்டு, கரித்துண்டை எடுத்து, கோலம் போடும் அதே வீச்சில் ஓர் அலையை இழுத்துப் பாருங்கள். துணி வெட்டியவர், கரும்பலகையில் எழுதியவர், பூக்கட்டியவர் எல்லோருக்கும் கையில் ஒரு சேமிப்பு இருக்கிறது. ஆண்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். எங்களில் பலருக்குக் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறு கோடே கிடையாது.

ஆனால் கையெழுத்துப் பிரதியிலிருந்தே ஓவியத்துக்குக் கிளம்பியவர் ஒருவர் இருந்தார். ரவீந்திரநாத் தாகூர் கவிதைகளைத் திருத்தும்போது அடித்த சொற்களைக் கோடுகளால் இணைக்க இணைக்க, அவை பறவையாகவும் விலங்காகவும் ஆயின. அறுபதைக் கடந்த பிறகே ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930 மே மாதம் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது 69. விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். தாகூரைச் சொன்னால் "அவர் பெரிய இடம்" என்பீர்கள். சரி, மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தில் விறகு பொறுக்கியும் கூலி வேலை பார்த்தும் பிள்ளைகளை வளர்த்த ஜோதையா பாய் பைகாவைச் சொல்கிறேன். தூரிகையைப் பிடித்தபோது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. தன் காட்டையும் இலுப்பை மரத்தையும் புலியையும் வரைந்தார். 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதுக்காகச் சொல்லவில்லை. அவர் வரையக் கற்றுக்கொண்டது வாழ்நாள் முழுக்கப் பார்த்திருந்த பொருள்களை வைத்து. சுவிட்சர்லாந்துப் பனிமலை காலண்டரைப் பார்த்து நகலெடுக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லி அலுத்துவிட்டேன்.

முதல் வாரம் கடலுக்குப் போகாதீர்கள்

கடல் நிற்காது. நிற்காத பொருளோடு தொடங்கினால் கை பயந்துவிடும். முதல் வாரம் காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு நீலக்கால் நண்டு வாங்கி வாருங்கள். ஆண் நண்டாகப் பார்த்து வாங்கினால் நல்ல நீலம். பெண் நண்டு பழுப்பும் பச்சையுமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்: ஆணுக்கு மடிப்பு ஒடுங்கிக் கூராக இருக்கும், பெண்ணுக்கு அகன்றிருக்கும். இவ்வளவு பார்த்ததிலேயே வரையும் வேலை பாதி முடிந்தது.

நண்டை ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள். ஓட்டின் அகலத்தைப் பென்சிலால் அளந்து, கொடுக்கு அதைப்போல் எத்தனை மடங்கு நீளம் என்று பாருங்கள். முதலில் நண்டை வரையாமல், கால்களுக்கு நடுவே தெரியும் தட்டின் வெள்ளைத் துண்டுகளை வரையுங்கள். அந்த இடைவெளிகளைச் சரியாகப் போட்டால் கால்கள் தாமாக இடத்துக்கு வந்துவிடும். இது தந்திரம் மாதிரித் தெரியும். ஆனால் "நண்டுக்கால் இப்படித்தான் இருக்கும்" என்று மூளை சொல்லும் பொய்யை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மீனானால் காரலில் தொடங்கலாம். தட்டையானது, விலை மலிவு, வெள்ளி மினுமினுப்பு. எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். நிறம் மங்கிவிடும், வீட்டில் சத்தமும் வரும். கொதிக்கும் குழம்பில் நீலம் சிவப்பாகிறபோது அதையும் ஒரு பார்வை பாருங்கள். மாடலைச் சாப்பிடும் வாய்ப்பு எல்லா ஓவியர்களுக்கும் கிடைப்பதில்லை.

இரண்டாவது வாரம் மரம். தீவு முழுக்க உடைமரம் குடை விரித்த மாதிரி நிற்கிறது. மேலே தட்டை, கீழே முள்ளும் முடிச்சுமாகக் கிளைகள். இலை இலையாகப் போட முயலாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் குடை ஒரே கருந்திட்டாகத் தெரியும். திட்டை முதலில் வையுங்கள், பிறகு அடிமரம். காற்று எந்தத் திசையில் அதிகம் அடிக்கிறது என்பதை மரத்தின் சாய்வே சொல்லும்.

படகுகளுக்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள், முகப்பில் புனிதர் பெயரையோ சாமி பெயரையோ புதிதாக எழுதுவார்கள். அசையாத படகு, அடிப்பாகம் வரை முழுசாகத் தெரியும் படகு, வேறு எப்போது கிடைக்கும்? படகுக்காரருக்கு அது வருமானம் இல்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. "வரையலாமா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆளை வரைந்தால் படத்தை அவரிடம் காட்டுங்கள். படகின் முன்முனையான அணியத்தின் வளைவு தப்பாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார். என் படகு ஒன்றைப் பார்த்த இளைஞன், "இது தண்ணில எறங்குனா கவுந்துரும் அய்யா" என்றான். அதைவிடக் கறாரான விமர்சனம் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காது.

பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் பாம்பன் அத்தியாயம் முடியாது. ஆனால் எல்லோரும் முதலில் வரையப் பார்ப்பது அதைத்தான் என்பதால் கடைசிக்குத் தள்ளினேன். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில் நடுவே ஷெர்சர் தூக்குப்பாலம், இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. ஆட்களே கையால் சுற்றித் திறந்தார்கள். 2022 டிசம்பருக்குப் பிறகு அதில் ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்தூக்கி போல நேராக 17 மீட்டர் மேலே போகிறது. வரைபவருக்கு வேறுபாடு பெரிது. பழையதில் சாய்கோடும் முக்கோணமும், புதியதில் இரண்டு கோபுரமும் கிடைக்கோடும். சாலைப்பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்து வரையாதீர்கள், பின்னால் வரும் லாரிக்கு உங்கள் கலை தெரியாது. தண்டவாளத்துப் பக்கமும் வேண்டாம். கீழே கரையில் உட்கார்ந்தால் தூண்கள் தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவது தெளிவாகத் தெரியும். எல்லாத் தூணையும் எண்ணிப் போட வேண்டியதில்லை. அருகிலுள்ள ஐந்தை ஒழுங்காகப் போடுங்கள், மற்றவை புள்ளிகளாகட்டும்.

கண்ணும் கையும்

இளைஞர்களுக்கான புத்தகத்தில் இந்தப் பகுதி இருக்காது.

வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, நீலத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தென்கடலை நீங்கள் பச்சையாகப் போட்டிருக்க, பேத்தி "தாத்தா, அது நீலம்" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912-இல் கண்புரை கண்டுபிடித்தார்கள், 1923-இல்தான் அறுவை செய்துகொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளின் படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக் கிடக்கின்றன. உங்களுக்கு அறுவை நாள் குறித்திருந்தால் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பெட்டியிலுள்ள எல்லா நீலத்தையும் பச்சையையும் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் பூசி, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுங்கள். ஒரு கண் முடிந்து மறு கண் முடியாத இடைவெளியில், கண்ணை மாற்றி மாற்றி மூடி அந்தத் தாளைப் பாருங்கள். நான் பார்த்தேன். பழைய கண்ணுக்கு அது டீயில் நனைத்த தாள். புதிய கண்ணுக்கு, சின்ன வயதில் அம்மா வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலம்.

கை விஷயத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொள்வேன். முப்பது வயதையொட்டி வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களுக்குக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஆயிரக்கணக்கான கண்களை அறுவை செய்தார். 1976-இல், 58 வயதில், பதினொரு படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த விரல்கள் கண்ணையே திறந்தபோது, நம் விரல்களால் ஒரு காரல் மீனை வரைய முடியாதா? பென்சில் மெலிதாக இருப்பதுதான் வலிக்குப் பாதிக் காரணம். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிப் பென்சிலில் சுற்றுங்கள், பிடி தடிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வையுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். படகும் மரமும் வலையும் நடுங்கிய கோட்டில் இன்னும் உயிரோடு இருக்கும். அடிவானம் ஒன்றுதான் நேர்கோடு. அதற்கு மட்டும் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

பென்சிலே முடியாது என்பவர்களுக்குக் கடற்பாசி. இது எனக்கு மிகவும் பிடித்த வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இந்தக் கரைப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பெயர் சொல்லிப் பிரிப்பதைக் கேட்டால் தாவரவியல் வகுப்பு தோற்றுப்போகும். நாம் கடலுக்குள் இறங்க வேண்டாம். அலை கரையில் ஒதுக்கிய ஒரு கொத்துப் போதும். நல்ல தண்ணீரில் அலசுங்கள். அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் பாசியை மிதக்க விடுங்கள். தடித்த தாள் ஒன்றை அதன் அடியில் நுழைத்து, ஈர்க்குச்சியால் கிளைகளை விரித்துவிட்டு, ஒரு பக்கமாக மெல்லத் தூக்குங்கள். தண்ணீர் வடியும்போது பாசி தாளில் தானே படுத்துக்கொள்ளும். மேலே மெல்லிய பருத்தித் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் அம்மிக்கல். செய்தித்தாளைத் தினமும் மாற்றினால் சில நாளில் காய்ந்து, பல பாசிகள் தம் பசையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தில் மேரி டிலேனி என்றொரு பெண்மணி 72 வயதில் வண்ணக் காகிதத்தை வெட்டிக் கருப்புத் தாளில் பூக்களாக ஒட்டத் தொடங்கி, பத்தாண்டில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்து முடித்தார். கண் மங்கியபோதுதான் நிறுத்தினார். அவை இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. காய்ந்த பாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் கருப்புத் தாளில் அதே வடிவை வெட்டிப் பாருங்கள். கத்தரிக்கோல் நடுக்கத்தை மறைத்துவிடும்.

பாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பவளம் செத்துக் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது புலிக்கு இணையான பட்டியலில் இருக்கிறது. கடல் அட்டையையும் கடல் குதிரையையும்கூட எடுக்கக் கூடாது. குருசடை முதலான 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நாமாகப் படகு பிடித்துப் போய் இறங்க முடியாது. குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு ஓடும் நாளில் போகலாம். அந்தக் குந்துகால் கரையே நல்ல இடம்தான். 1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது, நிழலும் உண்டு. வரைந்தால் அது உங்களுடையது, எடுத்தால் குற்றம்.

பையில் என்ன

பாதித் தாள் அளவில் ஒரு நோட்டு போதும், 200 ஜிஎஸ்எம் தாளாக இருந்தால் தண்ணீர் தாங்கும். 2பி, 4பி பென்சில், ஒரு கருப்பு பால்பாயிண்ட் பேனா, நீர்வண்ணத்தில் ஆறு நிறம். நான்கு பக்கமும் கிளிப், மேலே இரண்டு ரப்பர்பேண்டு. சாய்மானம் உள்ள நாற்காலி. முக்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டவன் சொல்கிறேன். வண்ணம் கரைக்க வீட்டிலிருந்தே நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கடல் தண்ணீரில் கரைத்தால் உப்பு பூத்துக் காயும், ஈரக்காற்று அடிக்கும் நாளெல்லாம் தாள் பிசுபிசுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஒரு கடலைமிட்டாய். வரையும் நேரம் விடியலிலிருந்து எட்டு மணி வரை, மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், அந்த நேரத்தில் போட்ட வண்ணம் வீட்டுக்கு வந்து பார்த்தால் கருத்துக் கிடக்கும்.

வெயில் நாளுக்கு இன்னொரு போக்கிடம் இருக்கிறது. ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் அங்கே சுவரெல்லாம். நிழல் போட்டு உருட்டித் திரட்டும் வேலை அதில் இல்லை. தட்டையான வண்ணம், சுற்றிலும் ஓர் உறுதியான கோடு, அவ்வளவுதான். மேல்நாட்டு முறையில் நிழல் போட வரவில்லையே என்று ஏங்குபவர்கள் அங்கே அரைநாள் நிற்கலாம்.

கடைசியாக ஒரு பழக்கம். படத்துக்கு முன்பக்கம் கையெழுத்துப் போடுகிறீர்களோ இல்லையோ, பின்பக்கம் தேதி, காற்று, எந்தக் கரை, எவ்வளவு நேரம் என்று எழுதிவையுங்கள். தை மாதம் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகளைப் பார்த்துப் போட்ட என் தாள்களில் பறவை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வெறும் கழுத்து வளைவுகள்தான். பின்பக்கத்தில் இருப்பது இது: "தை 9. வாடை. கண் மூடிக் கண் திறப்பதற்குள் பறந்துவிட்டன. ஏழு கழுத்து. விரல் வலி இல்லை. நாளைக்கு மறுபடி."

மறுநாள் தாளில் பதினொரு கழுத்து இருக்கிறது, ஒரு காலும்.